பெயரைக் காக்கும் அவசரம்

2015 அக்டோபரில், இங்கிலாந்துத் திருச்சபையின் சிச்செஸ்டர் திருமண்டலம் சில வாரங்களுக்குள் இருமுறை தலைகுனிந்தது. முதலில், அங்கே லூயிஸ் பேராயராக இருந்த பீட்டர் பால், இளைஞர்களிடம் செய்த பாலியல் குற்றங்களுக்காக 32 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்து, 1958இல் காலமான, அத்திருமண்டலத்தின் முன்னாள் பேராயர் ஜார்ஜ் பெல் மீது ஒரு பெண் கொடுத்த புகாருக்காகத் திருச்சபை மன்னிப்புக் கேட்டது; இழப்பீடும் கொடுத்தது. சிறுமியாக இருந்தபோது பெல் தன்னிடம் தவறாக நடந்தார் என்பது அவர் புகார்.

இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பேன். பால் மீதான புகார் 1993இலேயே போலீஸ் எச்சரிக்கையோடு முடிந்துபோனது. அவரைப் பற்றி வந்த 7 கடிதங்களில் ஒன்றுதான் தலைமைப் பேராயர் ஜார்ஜ் கேரி தரப்பிலிருந்து போலீஸுக்குப் போனது என்று பால் விவகாரத்தை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கிப் அறிக்கை காட்டியது. அன்று மறைத்தால் மானம் தப்பும் என்று நினைத்தார்கள். 2015இலோ, முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் தப்பலாம் என்று நினைத்தார்கள்.

நாஜிகளை எதிர்த்த போன்ஹோஃபரின் நண்பர், ஜெர்மன் நகரங்கள் மீது குண்டு வீசுவதைப் பிரபுக்கள் சபையில் கண்டித்தவர் பெல். நல்லவர் என்று பெயரெடுத்தவர் குற்றம் செய்யமாட்டார் என்று வாதாட முடியாது. பீட்டர் பாலையும் புனிதர் என்றுதான் பலர் நம்பினார்கள். கேள்வி வேறு. பெல் பக்கத்து நியாயத்தைத் திருச்சபையின் விசாரணைக் குழுவில் யார் எடுத்துச் சொன்னது? யாருமில்லை என்றார் 2017இல் மறுஆய்வு செய்த வழக்கறிஞர் கார்லைல் பிரபு. பெல்லோடு அந்நாளில் பேராயர் மாளிகையில் வாழ்ந்த உதவிக்குரு உயிரோடிருந்தார். அவரைக்கூட எவரும் தேடிப்போகவில்லை. பெல் நிரபராதி என்று கார்லைல் சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கும் பொறுப்பே அவருக்குத் தரப்படவில்லை.

புகார் சொன்ன பெண்ணுக்காவது நீதி கிடைத்ததா? 1995இலேயே அவர் அன்றைய பேராயருக்கு எழுதினார். ஆறுதலுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார்களே தவிர, விசாரிக்கவுமில்லை, போலீஸுக்குச் சொல்லவுமில்லை. காலத்தில் விசாரித்திருந்தால் சாட்சிகள் கூடுதலாக இருந்திருப்பார்கள், அவருக்கும் சரி, பெல்லுக்கும் சரி.

தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசம் செய்யும்போது, குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைப் பொதுவாக வெளியிடக்கூடாது என்று கார்லைல் பரிந்துரைத்தார். திருச்சபை ஏற்கவில்லை. இந்த ஒன்றில் எனக்குத் திருச்சபையின் பக்கம்தான் சாய்வு: பணத்தைக் கொடுத்து வாயை அடைப்பது சபைகளில் எத்தனை காலமாக நடந்துவரும் வழக்கம்! ஆனால் 'புகார் வந்தது, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் இழப்பீடு கொடுத்தோம்' என்று அறிவிப்பது வேறு. மன்னிப்புக் கேட்கும் தொனியிலேயே தீர்ப்பு எழுதிவிடுவது வேறு.

கார்லைல் அறிக்கை வந்த பிறகும், பெல் மீது பெரும் நிழல் படிந்திருக்கிறது என்றே தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி சொன்னார். அச்சொல்லைத் திரும்பப் பெற 2021 நவம்பர் வரை ஆனது. இதில் உறுத்துவது 2013ஆம் ஆண்டு. அந்தப் பெண்ணின் புகார் வெல்பியின் அலுவலகத்துக்கு வந்த அதே ஆண்டில்தான், சிறுவர்களைப் பிரம்பால் அடித்து வதைத்த ஜான் ஸ்மித் பற்றிய தகவலும் அங்கே எட்டியது. பெல் இறந்து அப்போது 55 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்மித் தென்னாப்பிரிக்காவில் உயிரோடிருந்தார். எந்தத் தண்டனையும் பெறாமல் 2018இல் இறந்தார். வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகியது அந்த ஸ்மித் விவகாரத்தால்தான்.