செட்டப் செலவு மாறாதுன்னு யார் சொன்னது?

பெரிய பெரிய லாட்டா ஓட்டினாத்தான் லாபம்னு அடம்பிடிக்கிற மகாஜனங்களே! 1913-ல ஹாரிஸ் கொடுத்த ஈ.ஓ.க்யூ. ஃபார்முலாவைத்தானே ஆதாரமா காட்டுறீங்க? கணக்கு சரிதான். ஆனா செட்டப் செலவைக் கடவுள் கொடுத்த எண் மாதிரி வெச்சுட்டு மேல போறீங்களே, அங்கதான் உதைக்குது.

அந்தச் செலவுக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. 1950, ஹிரோஷிமா, டோயோ கோக்யோ கம்பெனி (இன்னிக்கு மாஸ்டா). 800 டன் பிரஸ்ல டை மாத்தறாங்க. ஒரு போல்ட்டைக் காணோம். தேடிப்போன தொழிலாளி ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சு வந்தார். பக்கத்து மெஷினோட நீள போல்ட்டை வெட்டி, மரை போட்டுக் கொண்டுவந்திருக்கார்! (அந்த மெஷினுக்கு டை மாத்தும்போது?) ஆலோசகரா போயிருந்த ஷிகியோ ஷிங்கோ அவரைத் திட்டல. மெஷின் நின்னாத்தான் செய்ய முடியுற வேலை வேற, ஓடும்போதே செஞ்சு வெக்கக்கூடியது வேறன்னு பிரிச்சார். அவ்வளவுதான் சூத்திரம்.

1969-ல டொயோட்டாவோட 1000 டன் பிரஸ்ல 4 மணி நேரம் 90 நிமிஷமாச்சு. அப்புறம் 3 நிமிஷம்.

80-ல ஒரு பங்கு. செட்டப் செலவும் அதே விகிதத்துல குறையுதுன்னு வெச்சு, உங்க ஃபார்முலாவுலயே வர்க்கமூலம் எடுங்க. லாட் கிட்டத்தட்ட ஒன்பதுல ஒரு பங்கு. மீதி எட்டுப் பங்கு எதுக்குங்க குடோன்ல தூங்குது?