தகர டிக்கெட்டும் தனுஷ்கோடி ஸ்டேஷனும்

பழவேற்காட்டுக்கு ரயில் கிடையாது. பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்துத்தான் ஏரிக்கரைக் குப்பங்களுக்கு வரவேண்டும். பாங்கு வேலைக்கு இங்கே வந்த புதிதில் டச்சுக்காரர் கல்லறையைக் காட்டினார்கள். எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள், தொல்லியல் துறைப் பாதுகாப்பு. 17-ஆம் நூற்றாண்டில் இதே கரையிலிருந்து டச்சுக்காரர்கள் ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

போன வருஷம் தனுஷ்கோடி போனபோதும் இதே எரிச்சல்தான். இடிந்த ஸ்டேஷன் சுவர் முன்னால் நின்று போட்டோ பிடிக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலையும், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலில் போனதையும் பேசுகிறார்கள். பேசவேண்டிய துயரம்தான். அதற்கு முந்தின 50 வருஷம் அந்த ஸ்டேஷன் யாரைச் சுமந்தது? அதைக் கேட்பாரில்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. பழம்பெருமைக்காரர்கள் 'போட் மெயில்' சொகுசைச் சொல்வார்கள். நம்ம ஜனங்கள் போனது கங்காணி பின்னால். மண்டபம் முகாமில் அடைத்து உடம்பைச் சோதித்து அனுப்பினார்கள். எண் அடித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிவிடும் வழக்கம் 1900-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதுதான் டிக்கெட்! 1939-இல் இந்திய அரசு தடுக்கும்வரை இப்படிப் போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். "எங்க பெரியப்பன் கண்டிச்சீமைக்குப் போனவரு, திரும்பவே இல்ல" என்று என் பாட்டி சொல்லும். திருச்சிப் பக்கத்துச் சேரிகளில் இப்படிச் சொன்ன பாட்டிகள் எத்தனையோ.

1948-இல் இலங்கை இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் தனுஷ்கோடி அழிந்தது. ஸ்டேஷனைத் திரும்பக் கட்டவில்லை; ஒப்பந்தம் மட்டும் நின்றது. பிறகு 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயரோடு ராமேஸ்வரத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதில் பலருக்கு நீலகிரியில் மறுபடியும் அதே கொழுந்துக் கூடை.

2019-இல் தனுஷ்கோடிக்குப் புது ரயில் பாதை போட அடிக்கல் நாட்டினார்கள். ரயில் வரட்டும், வராமல் போகட்டும். நிற்கிற சுவரில் ஒரு பலகை வேண்டும்: இந்த வழியாகக் கூலிகளாகப் போனவர்கள் இன்னார், இன்ன ஊர், இன்ன சேரி என்று. அரசாங்கம் தானாக எழுதாது. மாணவத் தோழர்களே, கண்டிச்சீமைக் கதை தெரிந்த பெரியவர்கள் உங்க தெருவில் இன்னும் ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பார்கள். வருகிற லீவுக்கு ஒரு நோட்டோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.