கேட்டுக்கு வெளியே ஆறடி

2020 மார்ச் கடைசியில் மயிலாப்பூர், மந்தைவெளி அடுக்ககங்களின் கேட்டில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. வீட்டு வேலைக்கு வருபவர்கள், அயர்ன்காரர், பேப்பர் போடும் பையன், கூரியர், யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை, இப்படிக்கு, செக்ரெட்டரி. கொரோனா ஊரடங்கு நாட்களில் அதைக் குறை சொல்ல முடியாது. சட்டமே வீட்டில் இருக்கச் சொன்னது. ஆனால் தளர்வுகள் வந்து, நாம் பாண்டி பஜாருக்கும் லஸ்ஸுக்கும் போய்வரத் தொடங்கிய பிறகும் அந்தத் தாள் பல கேட்டுகளில் அப்படியே இருந்தது. மழையில் எழுத்து கரைந்த இடங்களில் புதிதாக ஒன்றை ஒட்டினோம்.

சமூக இடைவெளியை இந்த ஊர் எப்படிக் கடைப்பிடித்தது என்று யாராவது கேட்டால் நாம் சொல்லும் கதை வேறு. கபாலி கோயில் நடை சாத்தியிருந்தது, பங்குனியில் அறுபத்துமூவர் வீதிக்கு வரவில்லை, டிசம்பர் சீசனில் மியூசிக் அகாடமியே இணையத்தில்தான் விழா நடத்தியது என்போம். எல்லாம் உண்மை. சபா கேன்டீன் இல்லாத மார்கழியைச் சாதாரணத் தியாகம் என்று சொல்லிவிட முடியுமா?

சொல்லாமல் விடுவது ஏப்ரல் 25ஐ. மறுநாள் முதல் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று முந்தின நாள்தான் அறிவிப்பு வந்திருந்தது. அன்று காலை மளிகைக் கடைகளின் முன்னால் சுண்ணாம்பு வட்டங்கள் இருந்தன. வட்டத்துக்குள் நிற்கத்தான் ஆளில்லை. ஒரு மாதம் வீட்டுக்குள் உட்கார்ந்து சேர்த்ததை ஒரே காலையில் செலவழித்தோம். அடுத்த சில நாட்களில் கோயம்பேடு சந்தை தொற்றின் பெருங்கொத்தாக மாறி, மே 5ஆம் தேதி மூடப்பட்டது. சுமை தூக்கியவர்கள் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் ஊர் திரும்பியபோது தொற்றும் கூடவே போனது. ‘இவங்களுக்கெல்லாம் டிசிப்ளினே கிடையாது சார்’ என்றோம். அந்த மூட்டைகளில் இருந்த கத்தரிக்காய் தெற்கு மாட வீதி வழியாக நம் ஃபிரிட்ஜுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

நாம் கண்டிப்பாக இருந்த இடமும் ஒன்று உண்டு: கழுவுவதில். பால் பாக்கெட்டுக்கு சோப்பு, காய்க்கு மஞ்சளும் உப்பும், ரூபாய் நோட்டுக்கு இஸ்திரிப் பெட்டி. 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் உலக சுகாதார நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள். இந்தக் கிருமி காற்றிலும் பரவுகிறது, மூடிய அறைகளில் கூடுவது ஆபத்து என்றார்கள். செய்தித்தாளில் படித்தோம். மறுநாள் காலையிலும் பால் பாக்கெட்டைத்தான் கழுவினோம். இதை அறியாமை என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. பொருளில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் சந்தேகம் காய்க்காரம்மாவின் கை மேல், பத்துப் பாத்திரம் தேய்ப்பவரின் கை மேல். காற்றில் வருகிறது என்றால் ஏசி போட்ட கூடத்தில் அருகில் உட்கார்ந்து பேசும் நாத்தனார் மேலும் அதே சந்தேகம் விழ வேண்டும். முதலாவது நமக்கு வசதியாக இருந்தது. அந்த அக்டோபரில் கொலு வைத்து, சொந்தக்காரர்களை மட்டும் கூப்பிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிப் பாட்டுப் பாடிய வீடுகளில், சுண்டலைப் பொட்டலமாகக் கட்டிக் கேட்டிலேயே கொடுத்தது யாருக்கு என்று யோசித்தால் போதும்.

அடுத்தது, பெருமையாக ஃபார்வர்டு செய்த ஒன்று. தொடாதே, தள்ளி நில், வெளியே போய் வந்தால் குளித்துவிட்டு உள்ளே வா, எச்சில் பார், கைகுலுக்காமல் கும்பிடு: ‘நம்ம பாட்டி சொன்ன மடி ஆசாரத்தை இன்னிக்கு உலகமே பின்பற்றறது’ என்று எத்தனை குடும்பக் குரூப்புகளில் சுற்றியது! சிலர் அதை மறுத்தார்கள். பெரும்பாலானவர்கள் கும்பிடு பொம்மை போட்டோம். பாட்டியின் மடி, யார் தள்ளி நிற்க வேண்டும் என்பதைப் பிறப்பை வைத்து முன்கூட்டியே முடிவு செய்திருந்தது. காய்ச்சல் யாருக்கு என்று அது கேட்டதே இல்லை. இடைவெளி விடாதவர்களுக்கு 500 ரூபாய் அபராதம் என்று 2020 செப்டம்பரில் வந்த திருத்தம், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டது. அதே 1939இல்தான், அதே ராஜாஜி ஆட்சியில், கோயில் நுழைவுச் சட்டமும் வந்தது. கிருமிக்காக ஒதுங்குவதும் பிறப்பைச் சொல்லி ஒதுக்குவதும் ஒன்றல்ல என்பதை இந்த மாகாணம் ஒரே ஆண்டில் இரண்டு சட்டங்களாக எழுதி வைத்திருந்தது. 81 ஆண்டுகள் கழித்து நாம் இரண்டையும் குழப்பிக்கொண்டோம். குழப்பம் தெரியாமல் நேர்ந்தது என்றும் சொல்வதற்கில்லை.

கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களிடம் வருவோம். அவர்களில் பலர் ஒரு காலத்தில் இங்கேயே கால்வாய் ஓரத்தில் குடியிருந்தவர்கள். பிறகு கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள். மாநகரப் பேருந்து செப்டம்பர் 1ஆம் தேதிவரை ஓடவில்லை. வர வழியில்லை, வந்தாலும் அனுமதியில்லை. முதல் மாதம் நம்மில் பலர் சம்பளம் கொடுத்தோம். இரண்டாம் மாதம் பாதி. மூன்றாம் மாதம் ‘வேலைக்கு வராம எப்படிம்மா?’ வராதே என்று சொன்னதும் நாம்தான். வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று 2018இலேயே தமிழக அரசு நிர்ணயித்திருந்தது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ரேஷன் அட்டைக்கு அரசு கொடுத்த ஆயிரம் ரூபாயைப் பார்த்து, ‘அவங்களுக்குத்தான் கவர்ன்மென்ட் குடுக்குதே’ என்று மட்டும் சொல்லத் தெரிந்தது.

வாட்ச்மேன் கதை இதற்கு நேர் எதிர். அவர் வெளியே போனால் கிருமியோடு திரும்புவார் என்று ‘இங்கேயே தங்கிக்குங்க’ என்றோம். மோட்டார் ரூம் பக்கத்தில் ஒரு பாய். குடும்பத்தை விட்டு மாதக்கணக்கில் அங்கே கிடந்து, ஒவ்வொரு மாடிக்கும் பார்சல் சுமந்து ஏறியவருக்கு நாம் கொடுத்தது ஒரு பாட்டில் சானிடைசர். லிஃப்டில் ஏற வேண்டாம் என்றும் சொன்னோம்.

ஏப்ரல் 19ஆம் தேதி இரவு தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. நாம் பதறினோம். வடசென்னைப் பக்கத்து மூர்க்கம், இங்கே நடக்காது என்றோம். இங்கே கல் எறியவில்லைதான். மூன்றாவது மாடியில் காய்ச்சல் என்று தெரிந்ததும் ஃபிளாட் நம்பர் அடுக்ககக் குரூப்பில் வந்தது; மாநகராட்சி தகரம் அடித்ததும் படம் வந்தது; பிறகு அந்தக் குடும்பம் வீடு திரும்பியபோது நடைபாதையில் எதிர்ப்பட்டவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். சாந்தோம் லூப் ரோட்டில் மீன் வாங்கும் கூட்டத்தின் வீடியோவையும் அதே குரூப்பில்தான் போட்டு, ‘குப்பத்து ஜனங்க திருந்தவே மாட்டாங்க’ என்று எழுதினோம். ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் ஆறடியை எங்கே வைப்பது என்று கேட்டவருக்கு யாரும் பதில் போடவில்லை. அங்கே காரை நிறுத்தி வஞ்சிரம் வாங்கியவர்கள் யார் என்றும் கேட்கவில்லை.

நோய் அடங்கியது. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் இளங்கோ தெருவில் வீடுகளை இடித்தார்கள். பெரும்பாக்கத்துக்குப் போக மறுத்த மக்களில் ஒருவர் தீக்குளித்து இறந்தார். நம் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அவரும் அக்கம்பக்கத்தாரும் நமக்கு மேஸ்திரியாக, டிரைவராக, சமையல்காரம்மாவாக இருந்திருக்கக் கூடியவர்கள். நம் குரூப்பில் அன்று போக்குவரத்து மாற்றம் பற்றித்தான் பேச்சு.

அசோசியேஷன் கணக்குப் புத்தகத்தில் அந்த இரண்டு ஆண்டுகளின் சானிடைசர், தெர்மாமீட்டர், கிருமிநாசினி தெளித்த செலவு எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. நிறுத்திவைத்த சம்பளம் எந்த வீட்டுக் கணக்கிலும் இல்லை. அதற்கு உரியவர்களில் பலர் இன்று காலையும் நம் வீட்டுக்கு வேலைக்கு வந்தார்கள், ஆகவே யாருக்கு எவ்வளவு பாக்கி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. சில கட்டடங்களில் ‘வேலையாட்கள் படியில் வரவும்’ என்ற அட்டை இன்னும் லிஃப்ட் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கழற்றப் பொதுக்குழுக் கூட்டம் கூட்ட வேண்டும் என்கிறார் செக்ரெட்டரி. மாட்டும்போது எந்தக் கூட்டமும் கூட்டவில்லை.