குடும்ப நலம்: மாதந்தோறும் ஒரு பெனிசிலின் ஊசி

"பிள்ளை ஓடியாடி விளையாடுகிறான். காய்ச்சலும் இல்லை, மூட்டு நோவும் இல்லை. பின்னும் மாதந்தோறும் அவனுக்கு ஊசி போடுவானேன்?"

வாதக் காய்ச்சல் கண்டு தேறிய பிள்ளைகளின் தாய்மார் பலருடைய மனத்தில் எழும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. விடை அறியாமல் ஊசியை நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

பெனிசிலினின் கதை 1928 ஆம் ஆண்டில் இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையில் தொடங்குகிறது. கிருமிகளை வளர்த்த தட்டொன்றில் தற்செயலாகப் பூஞ்சணம் படர்ந்திருப்பதையும், அதனைச் சூழ்ந்த கிருமிகள் அழிந்திருப்பதையும் அலெக்சாந்தர் பிளெமிங் கண்டார். அதனை மருந்தாக்கும் பணியைப் பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின் என்போரும் அவர்தம் துணைவரும் மேற்கொண்டனர். 1941 பெப்ரவரியில், கிருமி பரவி உயிருக்குப் போராடிய பொலிஸ்காரர் ஒருவருக்கு அம்மருந்து ஊசி மூலம் ஏற்றப்பட்டது. சில நாட்களில் காய்ச்சல் தணிந்தது. அவர் உணவும் உட்கொண்டார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றியும் போதவில்லை. நோய் திரும்பிற்று, மார்ச் மாதத்தில் அவர் இறந்தார். அரைகுறையாக நின்றுபோன சிகிச்சை எத்தகைய முடிவைத் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

பக்டீரியா எனும் கிருமிகள் தம்மைச் சுற்றிச் சுவர் ஒன்றை எழுப்பி வாழ்கின்றன. பெனிசிலின் அச்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கிறது; சுவர் பலவீனமுற்ற கிருமி வெடித்து அழிகிறது. நம் உடலின் கலங்களுக்கு அத்தகைய சுவர் இல்லையாதலால் அவை தப்புகின்றன. தடிமன், டெங்கு முதலியவற்றை உண்டாக்கும் வைரசுகளுக்கும் அச்சுவர் இல்லை. ஆகவே அந்நோய்களைப் பெனிசிலினால் தீர்க்க முடியாது. "டொக்டர், ஒரு ஊசி போட்டுவிடுங்கள்" என்று நாமே கேட்டு வாங்குவது தவறு.

வாதக் காய்ச்சலுக்கு வருவோம். ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் கிருமியால் தொண்டை நோகும். அதன் பின் 2 அல்லது 3 கிழமைகளில் சில பிள்ளைகளுக்கு மூட்டுகள் வீங்கும். இதயத்தின் வால்வுகளும் தாக்கப்படலாம். மூட்டு வீக்கம் வற்றிவிடும். வால்வில் விழுந்த வடுவோ நிலைத்துவிடலாம். அக்கிருமி மீண்டும் தொற்றினால் நோயும் திரும்பக்கூடும். ஒவ்வொரு முறையும் இதயம் மேலும் பழுதடையக்கூடும். இதனைத் தடுக்கவே பென்சதீன் பெனிசிலின் 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை ஏற்றப்படுகிறது. அது தசையில் தங்கிச் சிறிது சிறிதாகக் குருதியிற் கலந்து காவல் புரிகிறது. பிள்ளை நலமாக இருப்பதற்கு அக்காவலும் ஒரு காரணமன்றோ?

இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் குறைந்தது 5 ஆண்டுகள், அல்லது 21 வயது வரை, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஊசி தொடரும். பாதிக்கப்பட்டவர்களுக்கு 10 ஆண்டுகளும் அதற்கு மேலும், சிலருக்கு 40 வயது வரையிலும் தேவைப்படலாம். நிறுத்தும் நாளை வைத்தியரே குறிக்க வேண்டும்.

இனி, கவனிக்க வேண்டியவை:

முன்பு பெனிசிலினால் தடிப்பு, வீக்கம், மூச்சுமுட்டு ஏற்பட்டிருந்தால் ஊசிக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். கிளினிக் புத்தகத்திலும் அதனை எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

அட்றினலின் முதலிய அவசர மருந்துகள் ஆயத்தமாக உள்ள இடத்திலேயே ஊசி போடுவியுங்கள். பெரும் ஒவ்வாமை அரிது. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். ஆதலால் அரை மணி நேரம் அங்கேயே காத்திருங்கள். உடம்பு அரித்தல், உதடு வீங்குதல், மூச்சு இழுத்தல், மயக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே தாதியை அழையுங்கள்.

இந்த ஊசியைத் தசையில் ஆழமாகவே ஏற்றவேண்டும். நரம்பு வழியே குருதியில் ஏற்றினால் இதயமே நின்றுவிடக்கூடும். பழகியவர் என்பதற்காக வீட்டுக்கு ஒருவரை அழைத்து ஊசி போடுவிக்காதீர்கள்.

வால்வு பெரிதும் பழுதடைந்தவர்களுக்கு ஊசியா, மாத்திரையா உகந்தது என்பதை இதய வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

மருந்து தடிப்பானது, ஆதலால் நோகும். பிள்ளையிடம் "நோகாது" என்று பொய் சொல்லாதீர்கள். "நோகும், சிறிது நேரத்தில் போய்விடும், நான் பக்கத்தில் இருப்பேன்" என்று சொல்லுங்கள். உண்மை சொல்லும் தாயின் கையைப் பற்றிக்கொண்டு பிள்ளை அடுத்த முறையும் வரும்.

இன்றே நாட்காட்டியை எடுத்து, அடுத்த ஊசிக்குரிய நாளைக் குறித்து வையுங்கள்.