பழப்பெட்டியின் அடியும் ஒட்டும் டேப்பும்

சித்திரை முதல் ஆனி வரையில் மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர்களில் பலர் மாம்பழத்தை அட்டைப்பெட்டியிலிட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்கள். கூடையையும் வைக்கோலையும் விட அட்டைப்பெட்டி பழத்திற்கு உகந்தது என்பதில் ஆட்சேபணையில்லை. ஆயினும் உரத்திற்கும் மருந்திற்கும் பெட்டிக்கும் தாராளமாய்ச் செலவிடும் மிராசுதார், அப்பெட்டியை மூடி ஒட்டும் டேப்பில் மாத்திரம் சிக்கனம் பார்க்கிறார். யானையை வாங்கியவர் அங்குசத்திற்குப் பேரம் பேசுவதை யொக்கும் இது. இந்தச் சிக்கனம் நஷ்டத்தையே தரும் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தவற்றை நானே செய்து அறிந்தவன். சென்ற ஆண்டு வைகாசியில், செய்து காட்டும் பொருட்டு ஒரு தோப்பில் இமாம்பசந்துப் பழம் 12 பெட்டிகள் கட்டினோம். பெட்டிகள் முதல் நாளிரவு களத்தில் கிடந்து தூசி படிந்திருந்தன; மழைச்சாரலும் பட்டிருந்தது. லாரிக்கு நேரமாயிற்றென்று துடையாமலே அடியில் ஒரே வரி டேப்பு ஒட்டி அனுப்பினோம். சென்னையில் இறக்கியபோது 3 பெட்டிகள் அடி விட்டுப் பழங்கள் தரையில் உருண்டன. இமாம்பசந்து மெல்லிய தோலுடையதாகையால் விழுந்தது விலை போகவில்லை. தோப்புக்காரர் என்னை ஒரு வார்த்தையும் கடியவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று.

டேப்பில் மூன்று வகைகளை அறிந்தால் போதும். கடையில் சாமான்யமாய்க் கிடைக்கும் பிளாஸ்டிக் டேப்பில் பசை இருவிதம். ஹாட்மெல்ட் என்னும் ரப்பர்ப் பசை ஒட்டியவுடன் பிடிக்கும். ஆனால் கடும் வெயிலில் இளகிவிடும். அக்ரிலிக் பசை முழுப்பிடி கொள்ளச் சிறிது நேரமாகும். பிடித்தபின் வெயிலையும் வெப்பத்தையும் தாங்கும். நம் தாலூகாவின் கோடையில் லாரிப் பயணத்திற்கு அக்ரிலிக்கே ஏற்றது. மூன்றாவது, நீர் தடவி ஒட்டும் காகித டேப்பு. இதன் பசை அட்டையின் நாரோடு கலந்துவிடுவதால், வழியில் யாரேனும் பிரித்தால் அட்டை கிழிந்து களவு வெளிப்படும். விலையுயர்ந்த பழத்திற்கு இதைச் சிபார்சு செய்வேன். நீரை மிகுதியாகத் தடவினால் பசை கரைந்து போகுமாகையால் அதில் ஜாக்கிரதை வேண்டும்.

பெட்டியின் பாரம் முழுவதும் அடியிலேயே இறங்குகிறது. ஆகையால் அடியில் நடுச்சந்தின் மேல் ஒரு வரியும், இரு ஓரச்சந்துகளின் மேல் இரு வரிகளுமாக மூன்று வரிகள் ஒட்டுக. ஒவ்வொரு வரியும் பெட்டியின் பக்கங்களில் இரண்டரை அங்குலமாவது இறங்க வேண்டும். ஒட்டுமுன் உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, ஒட்டியபின் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் டேப்பின் பசை அழுத்தத்தினாலேயே பிடிக்கிறது. காற்றுத் துவாரங்களை மூடலாகாது. மூடினால் பழத்தின் சூடு உள்ளேயே தங்கி அழுகல் உண்டாகும். ஈரம் பட்டு நமுத்த பெட்டியை எந்த டேப்பும் காப்பாற்றாது, அதை விலக்கிவிடுக.

கணக்கையும் பார்ப்போம். 18 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உள்ள பெட்டிக்கு அடியில் மூன்று வரி, மேலே ஒரு வரி ஒட்ட 80 அங்குல டேப்பு செல்லும். 65 மீட்டர்ச் சுருளில் 32 பெட்டிகள் முடியும். அடியிலும் மேலும் ஒவ்வொரு வரியே ஒட்டினால் 55 பெட்டிகள் வரும். சுருள் 60 ரூபாய் என்று வைத்தாலும் பெட்டி ஒன்றுக்கு வித்தியாசம் 80 பைசாவுக்கு மேற்படாது. ஒரு பழத்தின் விலையிலும் இது அற்பம். வாங்கும்போது சுருளின் பருமனைக் கண்டு ஏமாறாமல், மீட்டர் அளவையும் 48 மில்லிமீட்டர் அகலத்தையும் கேட்டு வாங்குக.

"கயிறு போதாதா?" என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். கயிறு அட்டையின் விளிம்பை அறுத்து உள்ளே அழுந்துகிறது. அழுந்திய இடத்தில் பழம் நசுங்குகிறது. மிகக் கனத்த பெட்டிக்கு டேப்பின் மேல் பட்டையான பிளாஸ்டிக் வார் போடலாம். டேப்பிற்குப் பதிலாக எதையும் கட்ட வேண்டாம்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். தோப்புக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பருவத்திற்கு முன்பே நல்ல டேப்பை மொத்தமாக வாங்கி, வெயில் படாத அறையில் வைத்துக்கொள்ளும்படி தூண்டுங்கள். என் சொல்லை அப்படியே நம்பவும் வேண்டாம். வரும் சித்திரையில் இரு பெட்டிகளை மேற்சொன்ன முறையிலும், இரு பெட்டிகளைப் பழைய முறையிலும் ஒட்டி ஒரே லாரியில் அனுப்பி, இறங்குமிடத்தில் அடியைப் பார்க்கச் சொல்லுங்கள். எது லாபம் என்பதைப் பெட்டியே சொல்லிவிடும்.