கணவன் தந்த வாக்கு நீதிமன்றத்தில் செல்லுமா?

"நீ வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள். மாதம் ஆயிரம் வெள்ளி உன் கையில் தருகிறேன்." கணவன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக, மனைவி வீட்டைக் கவனிக்கும் குடும்பங்கள் ஜொகூரில் நிறைய உண்டு. அந்த ஆயிரம் வெள்ளி திடீரென நின்றுபோனால், 'ஒப்பந்தத்தை மீறிவிட்டார்' என்று மனைவி வழக்குத் தொடுக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இந்தக் கேள்விக்கு விடை தந்த புகழ்பெற்ற வழக்கின் வேர் இலங்கையில் இருக்கிறது. அங்கே நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், 1915இல் மனைவியோடு விடுமுறையில் இங்கிலாந்து சென்றார். மனைவிக்கு மூட்டுவாதம், மருத்துவ ஆலோசனைப்படி அவர் அங்கேயே தங்கினார். மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு, 1916இல் கணவர் மட்டும் இலங்கை திரும்பினார். பின்னர் உறவு முறிந்தது. மனைவி வழக்குத் தொடுத்தார், கீழ்நீதிமன்றத்தில் வென்றார், 1919இல் மேல்முறையீட்டில் தோற்றார். சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும்போது சட்டப்படி கட்டுப்படும் நோக்கம் அவர்களுக்கு இருப்பதில்லை என்பதே நீதிபதிகள் சொன்ன காரணம்.

ஆனால், பிரிந்த பிறகு கதை வேறு. 1970இல் தீர்ப்பான மெரிட் வழக்கில், வேறொரு பெண்ணோடு வாழப் போய்விட்ட கணவர், வீட்டுக் கடன் அடைந்ததும் வீட்டை மனைவி பெயருக்கே மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அந்தத் தாள் செல்லும் என்றது நீதிமன்றம்.

நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 'சட்டப்படி கட்டுப்படும் நோக்கம்' என்ற நிபந்தனை எழுதப்படவில்லை. எனினும் நம் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொள்கின்றன. பதில் பயன் எதுவும் பெறாமல் தரும் வாக்குக்கு 26ஆம் பிரிவு ஒரு வழி விடுகிறது: நெருங்கிய உறவினர்களுக்கிடையே, இயல்பான அன்பினால், எழுத்தில் தந்து, பதிவுச் சட்டம் இருந்தால் பதிவும் செய்திருக்க வேண்டும். இதே விதி உள்ள இந்தியாவில், 1900இல் கல்கத்தா நீதிமன்றம் ஒரு மனைவியின் பதிவு செய்த பத்திரத்தையே தள்ளிவிட்டது. சண்டைகளைக் குறிப்பிட்டு எழுதிய பத்திரத்தில் அன்பு எங்கே என்பது அதன் கேள்வி.

வீட்டுப் பேச்சுக்கெல்லாம் நீதிமன்றம் வேண்டாம் என்பது சரிதான். ஆனால், இந்த விதியின் பாரம் இருவர் மீதும் சமமாக விழுவதில்லை. சம்பளத்தை விட்டுக்கொடுத்து, வாக்கை மட்டும் நம்பியவரே நட்டப்படுகிறார். நம் சமூகத்தில் அவர் பெரும்பாலும் பெண்.

நல்ல வேளையாக, ஒப்பந்தம் தோற்றாலும் கடமை தோற்பதில்லை. கவனிக்காமல் விடும் கணவனிடம் ஜீவனாம்சம் கேட்க 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. மணவிலக்கின்போது, முஸ்லிம் அல்லாதோருக்கு 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் துணை நிற்கிறது. சொத்தைப் பிரிக்கையில், வீட்டைப் பராமரித்தவரின் உழைப்பையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். 'ஒரே தொகை தருகிறேன், இனி ஜீவனாம்சம் கேட்காதே' என்ற உடன்பாடு, நீதிமன்றம் ஒப்புக்கொண்டால்தான் செல்லும்.

மாணவர்களே, திருமணத்திற்கு முன் பணத்தைப் பற்றிப் பேசுவது அவநம்பிக்கை ஆகாது. வீடு யார் பெயரில், கடன் யார் பெயரில், வேலையை விடுபவருக்குச் சேமிப்பு எது என்று கேளுங்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள், வீட்டுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் வேலையை விட்டுவிடாதீர்கள்.