நேர்கோட்டில் செத்த செல்கள்

“செல்லும் ஒரு ப்ரோக்ராம்தான், டிஎன்ஏ அதோட கோட்.” மென்பொருள்காரர்கள் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என்மேல்தான். நானும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

நண்பனின் ஆய்வகத்தில் ஒரு லிட்டர் கண்ணாடிக் கலன் ஒன்றைப் புதிதாக வடிவமைத்தார்கள். உள்ளே சிஹெச்ஓ செல்கள். 1950களின் பிற்பகுதியில் சீன ஹாம்ஸ்டர் எலியின் சூலகத்திலிருந்து தியோடர் பக் பிரித்தெடுத்தவற்றின் வழிவந்தவை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் டிபிஏ மருந்து 1987இல் இவற்றின் வழியாகத்தான் சந்தைக்கு வந்தது. இன்றைய புற்றுநோய் மருந்துகள் பலவும் இவை சுரப்பவையே. கலனின் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதும் வேலை எனக்கு.

பிஹெச் 7.1இல் நிற்க வேண்டும். கூடினால் கார்பன் டை ஆக்சைடு வால்வு திறக்கும், குறைந்தால் காரக் கரைசல் பம்ப் ஓடும். இம்மி பிசகாமல் எழுதினேன். திரையில் அடிஸ்கேல் வைத்து வரைந்ததுபோல ஒரு கோடு. நான்காம் நாள் செல்கள் செத்துக்கிடந்தன.

“கோடு நேராத்தானே இருக்கு, அப்புறம் ஏன்?” என்றேன். அங்கே ஆய்வு மாணவியாக இருந்த அக்கா கலனிலிருந்து கொஞ்சம் எடுத்து ஆஸ்மோலாலிட்டி பார்த்தார். 300க்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது 450ஐத் தாண்டியிருந்தது. “நீ செல் வளர்க்கலப்பா, ஊறுகாய் போட்டிருக்க” என்றார்.

லாகைத் திறந்தால் விஷயம் புரிந்தது. வாயு கொஞ்சம் கூடுதலாகப் போக, பம்ப் காரம் ஊற்றியது. காரம் கூடியதும் வால்வு திறந்தது. ராத்திரி முழுக்க இரண்டும் மல்லுக்கட்டியிருக்கின்றன. வாயு வெளியேறிவிடும், காரத்தின் சோடியம் எங்கே போகும்? உள்ளேயே சேர்ந்தது. திருத்தம் சின்னதுதான்: 7.05க்கும் 7.15க்கும் நடுவே இருந்தால் எதுவும் செய்யாதே. டெட்பேண்ட் என்பார்கள். என் கோடுக்குச் சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தேன். கோடு நெளிந்தது, செல்கள் பிழைத்தன.

ஆக்சிஜனிலும் இதே மிதப்புதான். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீர் லிட்டருக்கு சுமார் 7 மில்லிகிராம்தான் ஆக்சிஜன் தாங்கும். போதவில்லையா, வேகமாகக் கலக்கு, நிறையக் காற்றடி என்போம். செல்சுவர் உள்ள பாக்டீரியா அதைத் தாங்கும். பாலூட்டிச் செல்லுக்கு இருப்பது மெல்லிய சவ்வு மட்டும். பழியை ரொம்ப நாள் கலக்கியின் மேல் போட்டார்கள். மேற்பரப்பில் குமிழி வெடிக்கும்போதுதான் அதிகச் சேதம் என்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் செல்கள் குமிழியில் ஒட்டாமலிருக்க போலாக்ஸமர் 188 சேர்க்கிறார்கள். சில கலன்களில் குமிழியே இல்லாமல் சிலிகான் குழாய்ச் சுவர் வழியே ஆக்சிஜனைக் கசியவிடுகிறார்கள்.

“அப்போ இன்னும் நாலு சென்சார் வை, டேட்டா பத்தல” என்பார்கள். டேட்டா நிறைய இருந்தது. வெப்பம், பிஹெச், ஆக்சிஜன், சுழல்வேகம் எல்லாமே சரி. அளக்கச் சுலபமானதை அளந்துவிட்டு அதையே உயிர் என்று நம்பியதுதான் தவறு. செத்த செல்லை டிரைபான் புளூ சாயம் நீலமாக்கும், உயிருள்ளது சாயத்தை உள்ளே விடாது. மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணினால்தான் தெரியும்.

இங்கேதான் சின்னக் கலனின் நிஜமான சிக்கல். எண்ண மாதிரி எடுக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் கலனில் தினம் 5 மில்லிலிட்டர் எடுத்தால் 14 நாளில் 70 போய்விடும். ஆகவே கலன் சிறுக்கச் சிறுக்க, எண்ணுவதை விட்டுவிட்டுத் திரையை நம்பும் ஆசை பெருகும். அந்த ஆசைக்குத் தீனி போடுவது நாங்கள்தான். மாதிரி எடுக்கும் குழாய்க்கு யாரும் கைதட்டுவதில்லை, டேஷ்போர்டுக்குத் தட்டுகிறார்கள்.

செத்த சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாம். அந்த நான்கு நாள் செல்களை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, கழுவி ஊற்றினோம். இப்போது யாராவது கலனுக்குக் கோட் எழுதக் கூப்பிட்டால் முதலில் கேட்பது இதுதான்: “தினம் எண்ணிப் பார்க்க எத்தனை மில்லி எடுக்க முடியும்?” பதில் இல்லையென்றால் லேப்டாப்பைத் திறப்பதில்லை.